எட்டுக்குப் பத்து

பெருந்துறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
ஃப்ளெக்ஸ் கடை. இரவு பதினொன்றரை.
"தோற்றம் என்ன தேதிங்க?" என்கிறான் பையன்.

அத்தைக்கு மூன்று தேதிகள்.
பதிமூன்று வயதில் பதினெட்டு என்று சொல்லி
பீளமேட்டு மில்லில் ரீலிங் சேர்ந்தபோது கொடுத்தது ஒன்று.
ரேஷன் கார்டுக்காரர் மதிப்பாய்ப் போட்டது ஒன்று.
"செவலைக்காளை செத்த மாசி" என்று
அவள் ஆத்தா சொன்னது ஒன்று.
மில் தேதியையே போடச் சொன்னேன்.
அந்தப் பொய்யில்தான் முதல் சம்பளம் வாங்கினாள்.

"மறைவுங்க?"
இன்றைக்கு. பத்து மணி இருக்கும்.
இரண்டு ஒப்பிட்டு தின்று
மூன்றாவதைப் பாதியில் வைத்து
ஃபேனை ஒரு புள்ளி குறைக்கச் சொன்னாள்.
குறைத்துவிட்டு நான் திரும்புவதற்குள்.

"தொண்ணூத்தி நாலா! கல்யாணச் சாவுங்க."
கல்யாணம்.
அதுவும் நாற்பது நாள் நடந்தது.
நாற்பத்தொன்றாம் நாள் தகரப்பெட்டியோடு
முதல் பஸ்ஸில் வந்து இறங்கி
"பசிக்குது" என்றாளாம்.
காரணம் யாருக்கும் சொல்லவில்லை.

போட்டோ ஒன்றுதான் தேறியது.
சீட்டு விசிறியை நெஞ்சோடு அணைத்து
வாய் கொள்ளாமல் சிரிக்கிறாள்.
காதில் தோடு இல்லை, வேப்பங்குச்சி.
தோடு என் பாலிடெக்னிக் ஃபீஸில் போனது.
கேட்டவர்களிடம்
"எனக்குத் தங்கம் ஒத்துக்கறதில்லீங்,
காது புண்ணாகுது" என்றே
கடைசிவரை சொல்லிவந்தாள்.

பையன் மவுஸை நகர்த்துகிறான்.
"சீட்டை அழிச்சுட்டு, கும்புடற கை வெச்சரலாங்களா?
ஸ்டாக்ல இருக்குது. தோடும் போட்டரலாம்."
யார் கையோ.
இந்தத் தாலுகாவில் செத்தவர் எல்லாரும்
அந்த ஒரே கையால்தான் கும்பிடுகிறார்கள்.
அதில் பத்து விரலும் முழுசாய் இருக்கிறது.
அத்தைக்கு ஆள்காட்டி விரல் நுனியை
மெஷின் வாங்கிக்கொண்டது.
மிச்ச விரல்களால்
ஐம்பத்தொரு வயதில் டிவிஎஸ் ஃபிஃப்டி பழகி
கீழ்பவானி வாய்க்காலுக்குள் வண்டியோடு இறங்கி
ஈரச்சேலையோடு கரையேறி
ப்ளக்கைக் கழற்றி ஊதிக்கொண்டிருந்தாள்.
தூக்கிவிட ஓடியவர்களை
"நவுந்து நில்லுங்க, வெயில் படட்டும்" என்றாள்.
"கை அப்படியே இருக்கட்டும் தம்பி."

"சரிங்க. ஓரத்துல இன்னொரு கை தெரியுதுங்களே?"
நரம்போடிய கை. மணிக்கட்டில் மச்சம்.
ஒரு சீட்டை இறக்கலாமா என்று நிற்கிறது.

அது நாச்சக்காள்.
அத்தை விட்டுவந்த ஆளை
அடுத்த ஆவணியில் கட்டிக்கொண்டவர்.
அந்த ஆள் போய்ச் சேர்ந்த பிறகு
ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டைப்பையோடு வந்து நின்றார்.
"பழமை பேசலாம்னு வந்தனுங்."
அத்தை ஒரு நிமிடம் பார்த்தாள்.
உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.
சாயங்காலம் வரை ஒரே சிரிப்பு.
அப்புறம் ஞாயிறுதோறும், முப்பது வருடம்.
எங்களில் ஒருவரையும் ஆட்டத்துக்குச் சேர்க்கவில்லை.

இன்று மதியம் ஒரம்பரை எல்லாம் பார்த்திருக்க
ஐஸ்பெட்டிக் கண்ணாடிமேல்
ஒரு ஜோக்கரை வைத்துவிட்டு
மூக்கைச் சிந்தினார் நாச்சக்காள்.

"வெட்டீரலாங்களா?"
"வேண்டாம்."
ஆறாத் துயரில் வாடும் பெயர்கள்:
மருமக்கள் நாங்கள் பதினோரு பேர்.
நாச்சக்காளை முதலில் போடச் சொன்னேன்.
"உறவு என்னன்னு போடட்டுங்?"
திரையில் குச்சி மினுங்கி மினுங்கிக் காத்திருக்கிறது.
"பேரை மட்டும் போடு."

"சைசுங்க?"
அதை அத்தையே சொல்லி வைத்திருந்தாள்.
"ஆறுக்கு நாலுன்னு பிசுநாறித்தனம் பண்ணாதீங்க.
காரியம் முடிஞ்சதும் ராமாத்தா பட்டிக்குக் குடுத்துருங்க.
அவ ஆட்டுக்கொட்டாய் எட்டுக்குப் பத்து.
கயிறு கட்ட ஓட்டை மறந்துராதீங்க."

பையன் ஓரத்தில் வளையம் அடிக்கிறான்.
டக். டக்.
ஐப்பசி மழைக்கு முன்னே ராமாத்தா கட்டிவிடுவாள்,
சாயம் போகாதிருக்க
படம் உள்பக்கமாய்.
இரண்டு வெள்ளாட்டுக்கும் ஐந்து குட்டிக்கும் மேலே
குப்புறச் சிரித்துக்கொண்டு
பதின்மூன்று சீட்டையும்
நெஞ்சோடு அணைத்தபடி.